கட்டை வீடும் பலகை வீடும்: அப்பலேச்சிய மலைகளில் நின்றவை, இடிந்தவை

அமெரிக்காவில் விர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே மலைச்சாலையில் 176ஆவது மைல்கல் அருகே மேப்ரி ஆலை இருக்கிறது. முன்னால் சிறு குளம், அதில் தண்ணீர் சொட்டும் சக்கரத்தின் நிழல், பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீடு. அமெரிக்க நாட்காட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் படம் இது. பார்க்கிறவர்கள் அந்தக் கட்டை வீட்டில்தான் ஆலைக்காரர் எட் மேப்ரியும் மனைவி லிஸ்ஸியும் குடியிருந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் வாழ்ந்தது வெள்ளை வண்ணம் பூசிய, மாடி வைத்த பலகை வீட்டில். எட் 1936இல் இறந்தபின் நிலம் சாலை நிர்வாகத்தின் கைக்கு வந்தது. 1940களில் அந்த வீட்டை இடித்தார்கள். இன்று நிற்கும் கட்டை வீடு 1869இல் வேறொரு குடும்பம் பக்கத்து காரல் மாவட்டத்தில் கட்டியது. 1950களில் பிரித்து, கொண்டுவந்து, இங்கே மறுபடி அடுக்கினார்கள்.

கிழக்கு அமெரிக்காவின் மலைப்பகுதியான அப்பலேச்சியாவின் பழைய வீடுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சங்கதி போதுமான திறவுகோல். காலத்தைத் தாண்டி நின்ற வீடுகள் என்று நாம் பார்ப்பவற்றில் பல, யாரோ நிற்கவிட்ட வீடுகள். எதை வைத்தார்கள், எதை இடித்தார்கள் என்று தெரியாமல் பார்த்தால், அந்த மலைமக்கள் 1930கள் வரை காட்டுக்குள் கட்டை வீட்டில் ஒடுங்கிக் கிடந்தார்கள் என்றுதான் தோன்றும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

டென்னசியில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1900 வாக்கில் அங்கே சுமார் 700 பேர் இருந்தார்கள். 1833 முதல் தபால் நிலையம் இருந்தது. 1890களிலேயே டான் லாசனும் அண்டை வீட்டாரும் சேர்ந்து மேரிவில் நகரத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தார்கள். கடை இருந்தது, ஆலைகள் இருந்தன, அறுத்த பலகையில் கட்டி வண்ணம் பூசிய வீடுகள் வரிசையாக இருந்தன. 1934இல் பூங்கா உருவானபின் நிர்வாகம் அந்தப் பலகை வீடுகளில் பெரும்பாலானவற்றை அகற்றியது. குடியேற்றக் காலத்தைக் காட்டும் கட்டை வீடுகள், தேவாலயங்கள், களஞ்சியங்கள், ஓர் ஆலை ஆகியவை மட்டும் விடப்பட்டன. 11 மைல் சுற்றுச்சாலையில் இன்று போகிறவர் பார்ப்பது அந்த மிச்சத்தை.

ஆலிவர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1812ஆம் ஆண்டுப் போரில் ஆண்ட்ரூ ஜாக்சனின் படையில் இருந்த ஜான் ஆலிவர், மனைவி லுரெனாவோடு 1818இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். நிலம் அப்போது செரோக்கி என்ற பழங்குடி மக்களுடையது. அவர்கள் அதை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அதற்கு அடுத்த ஆண்டுதான், 1819இல் கையெழுத்தானது. முதல் குளிர்காலத்தில் செரோக்கிகள் கொடுத்த உலர்ந்த பூசணிக்காயால்தான் ஆலிவர் குடும்பம் உயிர் பிழைத்தது என்று அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குள், 1838இல், செரோக்கிகளில் பெரும்பாலோர் படைபலத்தால் மேற்கே விரட்டப்பட்டார்கள். 1820களின் தொடக்கத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் ஜான் ஆலிவர் வீடுதான் சுற்றுச்சாலையில் முதலில் வரும் வீடு.

அவருடைய கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர் கிராமத் தபால்காரர், படித்தவர், புதுமுறை விவசாயம் செய்தவர், பயணிகளுக்கு விடுதி நடத்தியவர். பூங்காவுக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுத்தபோது வழக்குப் போட்டு, டென்னசி உச்ச நீதிமன்றம் வரை திரும்பத் திரும்பப் போராடினார். கடைசியில் தோற்று, 1937 முடியும் வேளையில் பள்ளத்தாக்கை விட்டுப் போனார். கொள்ளுத்தாத்தாவின் வீட்டைப் பார்க்க இன்று கூட்டம் வருகிறது. தபால்காரரின் வீடும் விடுதியும் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் குறிப்பிடத்தக்க மனிதர் யார் என்று கேட்டால் முன்னவருக்கு இணையாகப் பின்னவரையும் சொல்ல வேண்டும். ஆனால் வீடு இல்லாதவரின் கதை வழிப்போக்கர் காதில் விழுவதில்லை.

இனி வீட்டின் கட்டுமானத்துக்கு வருவோம். நின்ற வீடுகளை நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தால், கட்டியவர் யார், எவ்வளவு அவசரத்தில் கட்டினார், கையில் என்ன கருவி இருந்தது என்பதை அந்த வீடே சொல்லிவிடும்.

மரம் பெரும்பாலும் டியூலிப் பாப்லர். கிளை விடாமல் நெட்டையாக வளரும், எடை குறைவு, கோடாரிக்கு வளைந்து கொடுக்கும். தரையை ஒட்டிய அடிக்கட்டைக்குச் செஸ்ட்நட் அல்லது வெள்ளை ஓக், ஏனென்றால் அவை ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போவதில்லை. (செஸ்ட்நட் இன்று கிடைக்காது. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தக் காடுகளின் செஸ்ட்நட் மரங்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றது. பழைய வீடுகளில் இருக்கும் செஸ்ட்நட் கட்டை, செத்துப்போன ஒரு காட்டின் சாட்சி.)

வெட்டிய மரத்தின் மேல் கரி தடவிய நூலைத் தெறித்துக் கோடு போடுவார்கள். சாதாரணக் கோடாரியால் ஒரு அடி, ஒன்றரை அடிக்கு ஒரு வெட்டு, கோடு வரை ஆழமாக. வெட்டுகளுக்கு இடையே இருக்கும் சதையைப் பிளந்து தள்ளியபின், அகன்ற வாய்க் கோடாரியால் முகத்தைச் செதுக்குவார்கள். அந்தக் கோடாரி உளியைப் போல ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தது. கை விரல்கள் கட்டையில் உரசாதபடி அதன் காம்பு சற்றே விலகி வளைந்திருக்கும். சுவரில் சாய்வாக விழும் வெளிச்சத்தில் பார்த்தால் முதல் வெட்டுகளின் தழும்புகள் வரிசையாகத் தெரியும். ஆழம் குறைந்து சீராக இருந்தால் கைதேர்ந்தவர் வேலை. ஆழமாகவும் தாறுமாறாகவும் இருந்தால் அவசர வேலை, அல்லது பழகாத கை.

20 அடி நீளம், 14 அங்குல உயரம், 6 அங்குல கனம் உள்ள ஒரு பச்சைப் பாப்லர் கட்டை கிட்டத்தட்ட 200 கிலோ இருக்கும். வீட்டின் அளவைத் தீர்மானித்தது இந்த எடைதான். அதனால்தான் 16 அடி, 18 அடி, 20 அடி என்ற அளவுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்கு மேல் போனால் தூக்கவும் முடியாது, மரமும் நுனியில் மெலிந்துவிடும். அக்கம்பக்கத்தார் கூடிச் சுவர் ஏற்றும்போது நான்கு மூலைக்கும் நல்ல வேலைக்காரராக ஒவ்வொருவர் உட்கார்ந்து, கட்டைகள் ஒன்றில் ஒன்று பொருந்தும் பூட்டை வெட்டுவார்கள், மற்றவர்கள் கட்டையைச் சாய்மரத்தில் உருட்டி மேலே தள்ளுவார்கள். குடும்பம் பெருகினால் அறையை நீட்ட வழியில்லை. கட்டைக்கு ஒட்டுப் போட முடியாது. பக்கத்தில் இன்னொரு பெட்டியாக முழு அறையைக் கட்ட வேண்டும். புகைபோக்கியை நடுவில் வைத்து இருபுறமும் அறை கட்டுவது ஒரு முறை. இரண்டு அறைகளுக்கு நடுவே காற்றோட்டமான நடைவழி விட்டு ஒரே கூரை போடுவது இன்னொரு முறை.

மூலைப் பூட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிழக்கு டென்னசியில் அதிகம் காண்பது அரைப் புறாவால் பூட்டு. கட்டை முனையின் மேல்பக்கத்தைச் சரிவாகவும் அடிப்பக்கத்தைத் தட்டையாகவும் வெட்டுவார்கள். மேலே வரும் கட்டை அந்தச் சரிவில் உட்கார்ந்து, தன் எடையாலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், மர முளையும் வேண்டாம். சரிவு வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் மழைத்தண்ணீர் பூட்டுக்குள் தங்காமல் வழிந்துவிடும். தட்டையாக வெட்டிய சதுரப் பூட்டுக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. அது பிடிக்கவும் பிடிக்காது, தண்ணீரும் தங்கும்.

கட்டைகளுக்கு இடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருக்கும். அதில் மரச் செதில், சிறு கல் திணித்து, மேலே களிமண் பூசுவார்கள். சில இடங்களில் சுண்ணாம்பும் விலங்கு மயிரும் சேர்ப்பதுண்டு. பழுதுபார்ப்பவர்கள் அதிகம் கெடுப்பது இங்கேதான். களிமண் ஆண்டுதோறும் உதிர்கிறதே என்று சிமென்ட் பூசிவிடுகிறார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் ஊதிச் சுருங்கும், சிமென்ட் அசையாது. சில ஆண்டுகளில் இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். அதில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கீழ்க்கட்டையின் முதுகில் நின்று, உள்ளிருந்து உளுக்க வைக்கும். வெளியே பார்த்தால் சுவர் புதிதாக, பளிச்சென்று இருக்கும். விரலால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். சுண்ணாம்பு மிகுந்த மென்சாந்தைக் கட்டையின் முகத்துக்குக் கால் அங்குலமாவது உள்தள்ளி, வெளிச்சரிவாகப் பூசுவதே சரி. சாந்து விரிந்து உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், கட்டை போனால் போனதுதான்.

அடுத்த ஆபத்து அடிக்கட்டைக்கு. இந்த வீடுகள் மூலைக்கு மூலை அடுக்கிய கல்மேட்டின் மேல் தரைக்கு ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் நிற்பவை. அடியில் காற்று ஓடும். குளிருக்காகப் பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியைக் கல்லால் அடைத்தார்கள், அல்லது மலைச்சரிவு மண் மெல்ல வந்து சேர்ந்தது. கூரை விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் மண்ணில் பட்டுத் தெறித்து அடிக்கட்டையை நனைத்துக்கொண்டே இருக்கும். ஊசிக்குத்தியால் குத்திப் பார்த்தால் கால் அங்குலத்தில் நிற்க வேண்டும். ஓரங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அந்தப் பகுதியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது திருகு ஜாக்கியை வைத்து மெதுவாக, நூல் நூலாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் மூலைப் பூட்டுகள் பிளந்துவிடும்.

புகைபோக்கி தனிக்கதை. பல டன் எடையுள்ள கல் அடுக்கு, ஆழமில்லாத அடித்தளத்தில், சுவருக்கு வெளியே நிற்கிறது. வீட்டை விட அது சீக்கிரம் அமிழும், சுவரை விட்டு வெளிப்பக்கம் சாயும், அந்த வாயில் மழை இறங்கும். ஸ்மோக்கி பூங்காவில் உள்ள, பின்னால் நாம் பார்க்கப்போகும் வாக்கர் சகோதரிகள் வீட்டையே புகைபோக்கியும் கணப்பும் அசைந்ததால் 2021 இறுதியில் பார்வையாளருக்கு மூடவேண்டி வந்தது. அதற்கும் முற்பட்ட வகை, குச்சிகளை அடுக்கிக் களிமண் பூசியது. தீப்பிடித்தால் கழியால் தள்ளி வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே அதை வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டி முட்டுக்கொடுத்து வைப்பார்கள்.

கூரைக்கு வெள்ளை ஓக் மரத்தை இரண்டடி, இரண்டரை அடித் துண்டாக அறுத்து, பிளவுக்கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிப் பலகையாகப் பிளப்பார்கள். அறுப்பதில்லை, பிளப்பதுதான். பிளக்கும்போது மரத்தின் நார் அறுபடாது. தண்ணீர் நார் வழியே ஓடி இறங்கிவிடும். ரம்பத்தால் அறுத்தால் நாரின் வாய் திறந்து தண்ணீரைக் குடிக்கும். தேய்பிறையில் வேய்ந்தால் பலகை சுருளாது என்ற நம்பிக்கை அங்கே வலுவாக இருந்தது. எப்படி வேய்ந்தாலும் இருபது ஆண்டுச் சுமாருக்குத்தான் தாங்கும். ஆகவே இன்று எந்த வீட்டுக் கூரையும் பழைய கூரை இல்லை.

இதையெல்லாம் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க கேட்ஸ் கோவில் ஹென்றி வைட்ஹெட் வீட்டுக்குப் போகலாம். மட்டில்டா ஷீல்ட்ஸ் என்ற பெண்ணைக் கணவர் கைவிட்டுப் போனபோது, அவருடைய சகோதரர்கள் அவசரமாக ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொடுத்தார்கள். கரடுமுரடான கட்டை, கிடைத்த கல்லை அடுக்கிய புகைபோக்கி. பின்னர் ஹென்றி வைட்ஹெட் அவரை மணந்து, 1890களின் நடுவில் அதை ஒட்டியே புது வீடு கட்டினார். அதன் கட்டைகள் ஆலையில் சதுரமாக அறுத்தவை, இடைவெளியே தெரியாதபடி பொருந்துபவை. புகைபோக்கி செங்கல்லால் ஆனது. இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அவசரமும் நிதானமும், கோடாரியும் ரம்ப ஆலையும் ஒரே பெண்ணின் வாழ்க்கைக்குள் அடங்கிய இடம் அது. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு வீட்டின் வயது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. முதலில் ஆணியைப் பாருங்கள். கொல்லன் கையால் அடித்த ஆணி 1800க்கு முந்தைய வழக்கம். தகட்டிலிருந்து வெட்டிய, இருபுறம் மட்டும் சரியும் சதுர ஆணி 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உரியது. இன்று நாம் பயன்படுத்தும் உருண்டைக் கம்பி ஆணி 1890க்குப் பிறகு பரவியது. மலைக்குள் பழைய ஆணிகள் இன்னும் சில காலம் நீடித்திருக்கும், கழற்றி மறுபடி அடித்தவையும் உண்டு. அதனால் ஆணி ஒரு தடயம் மட்டுமே. பலகையில் ரம்பக் கோடு நேராக இருந்தால் மேலும் கீழும் ஓடிய பழைய ரம்பம். வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.

உறுதியான சாட்சி, மரம் ஆண்டுக்கு ஒன்றாகப் போடும் வளையம். குழாய்த் துரப்பணத்தால் கட்டையிலிருந்து விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு தண்டை எடுத்து, அகலமும் ஒடுக்கமுமாக வரும் வளைய வரிசையை அதே பகுதியின் தேதி தெரிந்த மரங்களோடு பொருத்துவார்கள். மழை பொய்த்த ஆண்டின் ஒடுங்கிய வளையம் எல்லா மரத்திலும் ஒரே இடத்தில் விழும். இதில் முக்கியமானது பட்டையை ஒட்டிய கடைசி வளையம். செதுக்கும்போது அது போய்விட்டால் மரம் வெட்டிய ஆண்டு கிடைக்காது. அதனால் கோடாரி தொடாத மூலை விளிம்பைத் தேடித் துளைப்பார்கள்.

டென்னசியின் காக் மாவட்டத்தில் ஸ்வாகெர்ட்டி காவற்கோட்டை என்று ஒரு கட்டடம் உண்டு. கீழே சிறிய கட்டை அறை, மேலே நாற்புறமும் துருத்திய மாடி. செரோக்கிகளின் தாக்குதலுக்கு எதிராக 1787இல் கட்டியது, துருத்திய பகுதியிலிருந்து கீழே சுட்டார்கள் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளையங்களைப் பொருத்திப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள்: மரங்கள் வெட்டப்பட்டது 1860 வாக்கில். கட்டடம் பண்ணைக் களஞ்சியம்.

அந்தக் களஞ்சிய வகை தன்னளவில் அருமையானது. பெரும்பாலும் கீழே இரண்டு கட்டை அறைகள். அவற்றின் மேல் கிடத்திய நீண்ட உத்தரங்கள் இருபுறமும் பத்தடி அளவுக்கு வெளியே நீண்டு, தூணே இல்லாமல் பெரிய வைக்கோல் பரணைத் தாங்கும். நீட்டிய பரண் கீழ்க் கட்டைகளை மழையிலிருந்து காக்கும், அதன் நிழலில் மாடுகள் நிற்கும், வண்டி ஒதுங்கும். கட்டடக்கலை ஆய்வாளர்கள் மாரியன் மாஃபெட், லாரன்ஸ் வோட்ஹவுஸ் இருவரும் எடுத்த கணக்கில் டென்னசியின் செவியர் மாவட்டத்தில் 183, பிளவுண்ட் மாவட்டத்தில் 106. வேறெங்கும் அரிது. கோட்டை என்ற கதை பொய்த்ததால் ஊருக்கு இழப்பில்லை. உலகத்தில் இரண்டே மாவட்டங்களில் செறிந்திருக்கும் தச்சு அறிவுக்கு இந்தக் கட்டடம் சாட்சியாகிவிட்டது.

மனிதர்களின் கதைகளுக்கும் இதே கவனம் வேண்டும். ப்ளூ ரிட்ஜ் சாலையின் 190ஆவது மைல் அருகே ஆர்லீன் பக்கெட் என்ற மருத்துவச்சியின் பெயரால் ஒரு சிறு கட்டை வீடு இருக்கிறது. தான் பெற்ற 24 பிள்ளைகளில் ஒன்றுகூட குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை என்று ஊர் சொல்கிறது. ஐம்பது வயதை ஒட்டிப் பேறுகாலம் பார்க்கத் தொடங்கி, 1939இல் இறக்கும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்தினார். பனியோ இருளோ, அழைத்தால் மலையேறிப் போவார். எண்ணிக்கைகள் ஊர் நினைவிலிருந்து வந்தவை என்பதை மறக்காமல், அந்த வாழ்க்கையின் பாரத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

ஆவணம் தேடுபவருக்கு ஒரு குறிப்பு. 1850க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850இல்தான் வீட்டில் இருந்த மற்றவர்களின் பெயர்களும் பதிவாயின, அதுவும் அடிமையல்லாதவர்களுக்கு மட்டும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் 1850, 1860 தனிப் பட்டியல்களில் வயது, பால், நிறம் என்று மட்டுமே வருகிறார்கள். 1890 பதிவுகளில் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப்பின் போய்விட்டது. அந்த இடைவெளியை நிரப்ப மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள கிரயப் பத்திரங்களையும் தேவாலயக் குறிப்பேடுகளையும் கல்லறைக் கற்களையும் நாட வேண்டும்.

ஸ்மோக்கி பூங்காவுக்குள் லிட்டில் கிரீன்பிரையர் என்ற இடத்தில் இருக்கும் வாக்கர் சகோதரிகளின் வீடு இந்த எல்லா நூல்களும் சேரும் இடம். ஜான் வாக்கர், மார்கரெட் தம்பதிக்கு 11 பிள்ளைகள், 11 பேரும் வளர்ந்து பெரியவர்களானார்கள். அந்தக் காலத்துக்கு அது அபூர்வம். மணமாகாத சகோதரிகள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, தறியில் நெய்து, மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்தார்கள். குளிர்காற்று புகாதபடி உட்சுவர் முழுக்கச் செய்தித்தாளும் பத்திரிகைத் தாளும் ஒட்டியிருந்தார்கள். பூங்காவுக்கு நிலம் கொடுக்க நெடுநாள் மறுத்து, 1941இல் 122 ஏக்கரை 4,750 டாலருக்குக் கொடுத்தார்கள். சாகும்வரை அங்கேயே இருக்கலாம் என்ற உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1946இல் ஒரு தேசிய வார இதழ் அவர்களைப் பற்றி எழுதியபின் கூட்டம் வந்தது. அவர்களும் துணி பொம்மை, பின்னல் வேலை, பழப் பணியாரம், லூயிசா கையால் எழுதிய கவிதை என்று விற்றார்கள். வயது ஏறி, இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபோது, பார்வையாளர்களை வரவேற்கும் பலகையை எடுத்துவிடும்படி 1953இல் பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்கள். வேலை செய்யவும் முடியவில்லை, வருகிறவர்களைக் கவனிக்கவும் முடியவில்லை. லூயிசா 1964இல் இறந்தார்.

கேட்ஸ் கோவில் தப்பிப் பிழைத்த பலகை வீடு ஒன்று உண்டு. 1879இல் லீசன் கிரெக் கட்டியது, பள்ளத்தாக்கில் முழுக்க அறுத்த பலகையால் ஆன முதல் வீடு. கடையாக இருந்தது, பிறகு பெக்கி கேபிள் வாங்கித் தங்கும் விடுதி நடத்தினார். மணம் செய்துகொள்ளாமல், சகோதரனின் பிள்ளைகளை வளர்த்து, நிலத்தையும் மாடுகளையும் தானே பார்த்துக்கொண்டவர். 1940இல் 96 வயதில் இறந்தார். இந்த வீடும் இருந்த இடத்தில் இல்லை, ஜான் கேபிள் ஆலையின் பக்கத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. ஆலையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது சில நிமிடம் ஒதுக்கி, அதன் பக்கச் சுவரில் கன்னத்தை வைத்தாற்போல நின்று பலகைகளை ஓரவாட்டில் பாருங்கள். கோடாரித் தழும்பு ஒன்றுகூட இல்லாமல், ரம்பம் போன தடம் மட்டும் பலகைக்குப் பலகை தெரியும்.